வெர்ஸ்பிளாவ் என்று எழுதிய கை

கபித்தோலினா சவேலியெவ்னாவின் கையெழுத்தைத் தெரியாதவர்கள் எங்கள் ஆற்றங்கரைக் குடியிருப்பில் கிடையாது. பிறப்புச் சான்றிதழுக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் நடுவே ஒவ்வொரு வீட்டு இழுப்பறையிலும் கிடக்கும், யார் எங்கே எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று பதியும் வேலைப் புத்தகங்களில் முந்நூறுக்கு மேல் அவர் எழுதியவைதான். என் அண்ணனுடையதும் அவர் கைதான். கறுப்பு மை, மெல்லிய எஃகு முனை, ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. குளிர்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் போய்விடும். அதற்குப் பிறகு அவர் புத்தகத்தைத் தொடமாட்டார். வெளிச்சம் போனால் கை அவசரப்படும் என்பார்.

ஏழு வகுப்பு படித்தவர். 1948இல், பதினாறு வயதில், வெட்டிய கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு அனுப்பும் மர மிதவை அலுவலகத்தில் தரை கழுவ வந்தார். மூன்று வருடம் கழித்து பணியாளர் பதிவு எழுதிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி வேறு ஊர் போனாள். "ரெண்டு வாரம் பாத்துக்க, வேற ஆள் வந்துரும்" என்று தலைவர் பகோமவ் அந்த மேசையை இவரிடம் விட்டார். வேறு ஆள் வரவில்லை. முப்பத்தாறு வருடம் அந்த மேசையிலேயே இருந்தார். வேலைப் புத்தகங்களை எழுதும் விதிகள் அடங்கிய சின்ன நூலை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ரொட்டிக்கு மாவு பிசையும்போது பக்கத்தில் விரித்துவைத்து, ஒரு குளிர்காலத்தில் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார்.

1958 வசந்தத்தில் மேலிடத்து அரசு நிறுவனமான டிரஸ்ட் எங்கள் அலுவலகத்துக்குப் புதுப் பெயர் வைத்தது. வடத்வீனா மர மிதவை டிரஸ்டின் வெர்ஷங்கா ஆற்றுமுக மரச்சேகரிப்பு மற்றும் மர மிதவை அலுவலகம். வேலைப் புத்தகத்தில் அதற்கான கட்டம் ஒரு கை அகலம்கூட இல்லை. பெயரை எழுதினாலே ஐந்து வரி போய்விடும். பனி உடைவதற்கு முந்தைய அந்த ஒரே வாரத்தில் நூற்றுப்பன்னிரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். நூற்றுப்பன்னிரண்டு புத்தகங்கள்.

டிரஸ்டே ஒரு சுருக்கம் அனுப்பியிருந்தது. பெயரின் முதலெழுத்துகளை வரிசையாக அடுக்கியது, நடுவில் ஓர் உயிரெழுத்துகூட இல்லை. அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்த ஒரு படகுக்காரர், "இது ஆபீஸ் பேரா, யாருக்காச்சும் தும்மல் வருதா?" என்றார். அலுவலகமே சிரித்தது.

கபித்தோலினா சிரிக்கவில்லை. ஒரு பழைய தாளில் பெயரை எழுதி, வெட்டி வெட்டிப் பார்த்தார். வெர்ஷங்கா ஆற்றின் பெயரில் முன்பாதியான வெர், மிதவை என்பதற்கு எங்கள் மொழியில் உள்ள ஸ்பிளாவ், இரண்டையும் ஒட்டினார். வெர்ஸ்பிளாவ். எங்கள் நாட்டில் தலைமைக் கணக்கர் கிளாவ்புக் ஆனதும், பண்டகப் பொறுப்பாளர் ஸவ்ஹோஸ் ஆனதும் இப்படித்தான். மைனஸ் முப்பது டிகிரி குளிரில் முழுப்பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்க யாருக்குப் பொறுமை? முழுப்பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சுருக்கத்தை எழுத வேண்டும் என்பது விதி. முதல் ஆறு புத்தகங்களில் அப்படியே எழுதினார். ஏழாவதிலிருந்து வெர்ஸ்பிளாவ் மட்டும்.

அவர் வாழ்க்கையில் மீறிய ஒரே விதி அதுதான். மீறியதையும் யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சொல் அவரைவிட வேகமாக நடந்தது. இரண்டு வருடத்தில் பேருந்து நிறுத்தம் வெர்ஸ்பிளாவ், கடை வெர்ஸ்பிளாவ், கால்பந்துக் குழு வெர்ஸ்பிளாவ். 1979இல் அலுவலகத்தை மரவெட்டு நிறுவனத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதற்குள் முழுப்பெயரை ஞாபகம் வைத்திருந்தவர் ஊரில் கபித்தோலினா ஒருவர்தான்.

1997 பிப்ரவரியில் ஒருநாள் காலை, வேன்யமீன் கோகரின் அவர் கதவைத் தட்டினான். எங்களுக்கெல்லாம் வேன்யா. பதினெட்டு வயதில் அவனுக்கு வேலைப் புத்தகம் எழுதிக்கொடுத்தவரே இவர்தான்.

"சவேல்னா, இருக்கீங்களா?" சவேலியெவ்னாவைச் சுருக்கி ஊரே அப்படித்தான் கூப்பிடும்.

"பனிய உதறிட்டு உள்ள வா. கதவ அடை, சூடு போகுது."

அவன் உட்காரவில்லை. புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இதுல இருக்கிறது உங்க கைதானே?"

"என் கைதான். ஏன்?"

"டவுன் பென்ஷன் ஆபீஸ்ல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு. வெர்ஸ்பிளாவ்னு ஒரு ஆபீஸ் இந்த நாட்டுலயே இருந்ததில்லையாம். அப்ப பதினாறு வருஷம் நான் எங்க நின்னேன்? இடுப்பளவு தண்ணியில நின்னேன்மான்னு சொன்னேன். தண்ணிக்கு முத்திரை இருக்கான்னு கேக்குது."

கபித்தோலினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. முழுப்பெயர்தான் இல்லை.

எங்கள் பக்கத்தில் மரம் மிதக்கவிட்டவர்களுக்கு ஐம்பத்தைந்திலேயே ஓய்வு, மற்ற ஆண்களுக்கு அறுபதில். வேன்யாவுக்கு மார்ச் மாதம் ஐம்பத்தைந்து நிறைகிறது. இளமையில் கொக்கிக் கழியோடு பனிநீரில் நின்றதில் அவன் நெஞ்சு போய்விட்டது. மருத்துவர் இனிமேல் குளிரும் பாரமும் ஆகாது என்று சொல்லிவிட்டார். அவன் கடைசியாக வேலை செய்த பழுதுபார்ப்புப் பட்டறையை முந்தைய வருடம் மூடிவிட்டார்கள். மிச்சமிருப்பது நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மரவெட்டுக் குழு மட்டும்தான். ஏப்ரல் முதல் தேதி அந்தக் குழுவின் லாரி புறப்படும். பென்ஷன் இல்லையென்றால் அவன் அதில் ஏற வேண்டும். இன்னும் ஐந்து வருடம்.

"உக்காரு. டீ குடி" என்றார் கபித்தோலினா.

"டீ குடிச்சா முத்திரை விழுமா?"

"விழாது. ஆனா நீ இருமுறது குறையும்."

மறுநாள் இருவரும் பனி உறைந்த ஆற்றைக் கடந்து டவுனுக்குப் பேருந்தில் போனார்கள். பென்ஷன் அலுவலகத்தில் இருந்த பெண் இங்கா பரீசவ்னா. முப்பது வயது இருக்கும், நகரத்திலிருந்து வந்தவள். அறைக்குள்ளேயும் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்துகிற ஆள் இல்லை. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்கிற ஆள். கபித்தோலினாவுக்கு அதைப் பார்த்ததுமே, இது நம்ம ஜாதி என்று பட்டது.

"பாருங்கம்மா" என்றாள் இங்கா. "ஆபீஸ் பேரு வெர்ஸ்பிளாவ். என் பட்டியல்ல அப்படி ஒண்ணு இல்ல. வேலைன்னு இருக்கிற இடத்துல தொழிலாளின்னு மட்டும் போட்டிருக்கு. என்ன தொழிலாளி?"

"ஆபீஸ் பேர்லயே மிதவை இருக்கில்ல, மறுபடி எதுக்குன்னு எழுதல" என்றார் கபித்தோலினா.

"கீழ விழுந்திருக்கிற முத்திரை டிரஸ்டோடது. டிரஸ்டுக்குக் கீழ ரம்ப ஆலை, பட்டறை, படகுத் துறைன்னு இருபது இருந்திருக்கு. இவர் ரம்ப ஆலையில கணக்கு எழுதிட்டு இருந்திருந்தா?"

"நானா? கணக்கா?" என்று வேன்யா சிரிக்கப்போய் இருமினான். "என் கையெழுத்தப் பாத்தா குதிரையே பயப்படும்."

இங்கா சிரிக்கவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்தாள். "முழுப்பேரும் இந்தச் சின்னப் பேரும் ஒரே தாள்ல, முத்திரையோட இருக்கணும். அந்த ஒரு தாள் போதும், நான் கையெழுத்துப் போட்டுருவேன். இல்லன்னா கோர்ட்டுக்குப் போகணும். அது இலையுதிர்காலம் ஆயிடும், அங்கயும் இதத்தான் கேப்பாங்க."

கபித்தோலினா அன்றே அர்ஹாங்கெல்ஸ்க் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினார். மார்ச் பதினான்காம் தேதி பதில் வந்தது. முழுப்பெயர் கொண்ட மிதவை அலுவலகம் இருந்தது உண்மை. ஆள் சேர்த்த உத்தரவுகளும் சம்பளப் பட்டியல்களும் 1981 வெள்ளத்தில் நிலவறையில் நனைந்து அழிந்துவிட்டன. வெர்ஸ்பிளாவ் என்ற பெயரில் காப்பகத்தில் எதுவும் இல்லை.

அதற்கிடையில் ஊர் பேசத் தொடங்கிவிட்டது. ரொட்டிக் கடை வரிசையில் வேன்யாவின் மனைவி லீதா கபித்தோலினாவுக்கு மூன்று பேர் முன்னால் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

"சில பேர் ரெண்டு சொட்டு மை மிச்சம் பிடிச்சாங்க. என் புருஷன் அஞ்சு வருஷம் காட்டுல போய் அதக் கட்டணும்."

கபித்தோலினா ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்த விதி நூலை எடுத்தார். பதின்மூன்றாம் விதியைச் சத்தமாகப் படித்தார். முழுப்பெயர், பிறகு அடைப்புக்குறிக்குள் சுருக்கம். அறுபத்தைந்து வயதில் மாணவி மாதிரி மூன்று தடவை படித்தார். ஊரில் எல்லோரும் அவரைத் தவறு செய்யாதவர் என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தனை வருடமும், மூடிய புத்தகங்களுக்குள் அந்தத் தவறு அமைதியாக உட்கார்ந்திருந்தது. அவர் ஓய்வு பெற்ற காலத்தில் பென்ஷன் மேசையில் இருந்தவள் உள்ளூர்க்காரி. வெர்ஸ்பிளாவில் தகப்பன் வேலை செய்தவள். ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். அதனால் இத்தனை பேர் தப்பித்துவிட்டார்கள், அவர் உட்பட.

லீதாவின் பேச்சைவிட அதுதான் அவரை அதிகம் சுட்டது.

அழுது பயனில்லை என்று ஒரு தாளை எடுத்தார். மேலே எழுதினார்: எங்கள் அலுவலகம் யாரிடமெல்லாம் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது? முழுப்பெயர் இல்லாமல் விடாதவர்கள் யார்? சின்னப் பெயர் இல்லாமல் வேலை நடக்காதவர்கள் யார்? இரண்டும் பொருந்துகிற இடத்தில்தான் அந்தத் தாள் இருக்க முடியும். வங்கி. ரயில் நிலையம். மருத்துவமனை. மின்சாரம். கடைசியில், கொஞ்சம் யோசித்து, தபால் நிலையம். மிதவைக் காலத்தில் தினமும் எத்தனை கட்டை வந்தது என்று தந்தி போகும், தந்தி வரும். கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் அனுப்புவார்கள், அவர் பார்த்ததில்லை. ஆனால் யாரோ ஒருவர் மேலே விலாசம் எழுதியிருக்க வேண்டுமே.

ஒவ்வொன்றாகப் போனார். வங்கி இருந்த கட்டடத்தில் இப்போது தொலைக்காட்சிப் பெட்டி விற்றார்கள். ரயில் நிலையத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் எதையும் வைப்பதில்லை. மருத்துவமனையில் ஓர் அட்டை கிடைத்தது, அதில் சின்னப் பெயர் மட்டும் இருந்தது. மின்சாரக்காரர்களிடம் முழுப்பெயர் மட்டும் இருந்தது. அந்த இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று, ஒட்டிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்ததாக அவரே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்.

டவுன் தபால் நிலையத்தின் பொறுப்பாளர் தயீசியா. பருத்த உடம்பு, கம்பளிப் பூட்ஸ், மேசைக்கடியில் மின்சார அடுப்பு. விஷயத்தைக் கேட்டுவிட்டு எழுந்தாள்.

"தந்தி விலாசப் பதிவேடா? அது மேல்மாடியில இருக்கு. எலி தின்னாம இருந்தா இருக்கும்."

"அத எரிக்கச் சொல்லி உத்தரவு வரலியா?"

"வந்துச்சே. எண்பத்தி மூணுல. தேவையில்லாத பதிவேடெல்லாம் அழிச்சிருங்கன்னு. இது தேவையா இல்லையான்னு கேட்டு நான் எழுதினேன். பதில் வரல. பதினாலு வருஷமாக் காத்துட்டிருக்கேன்."

தலையில் ஒட்டடையோடு இறங்கி வந்தாள். தையல் பிரிந்த பச்சை அட்டைப் பதிவேடு. ஓர் அலுவலகம் தன் நீண்ட விலாசத்துக்குப் பதில் ஒரே ஒரு சொல்லைத் தபாலில் பதிவு செய்துகொள்ளலாம். தந்தி அனுப்புகிறவர் ஊரையும் அந்தச் சொல்லையும் எழுதினால் போதும். இடப்பக்கத்தில் முழுப்பெயர், வலப்பக்கத்தில் அந்தச் சொல்.

1958 மே மாதப் பக்கத்தில் அது இருந்தது. இடப்பக்கத்தில் ஐந்து வரிக்கு அந்த நீளமான பெயர். வலப்பக்கத்தில் வெர்ஸ்பிளாவ். கீழே பகோமவின் கையெழுத்து, அதன் மேலேயே டிரஸ்டின் வட்ட முத்திரை. பக்கத்தில் சின்னச் சின்ன அடையாளங்கள், ஒவ்வொரு வருடமும் புதுப்பித்ததற்கு, 1979 வரை.

கபித்தோலினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னாச்சு? தப்பா இருக்கா?" என்றாள் தயீசியா.

"இல்ல. அந்த மனுஷன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, பாரேன். நான் புத்தகத்துல எழுதின அடுத்த மாசமே எடுத்துட்டுப் போயிப் பதிவு பண்ணியிருக்காரு. முப்பத்தொம்போது வருஷமா நான் திருட்டுத்தனமா ஒரு வார்த்தைய வச்சிருந்தேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"திருட்டுத்தனமா? முத்திரை குத்தின வார்த்தைய யாரால திருட முடியும்? உக்காருங்க, பிரதி எடுத்துத் தர்றேன்."

தயீசியா அந்தப் பக்கத்தை அப்படியே தட்டச்சு செய்தாள். முழுப்பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, கபித்தோலினா கண்டுபிடித்தார். தயீசியா முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு தாளை உருட்டினாள். இரண்டாவது பிரதி சரியாக இருந்தது. முத்திரை, தேதி, கையெழுத்து. மார்ச் இருபத்தொன்று.

திங்கட்கிழமை வேன்யாவும் அவரும் இங்கா பரீசவ்னாவின் முன் உட்கார்ந்தார்கள். இங்கா பிரதியை விரல் வைத்துப் படித்தாள். தபால் நிலையத்துக்குத் தொலைபேசி போட்டாள், பதிவேட்டின் பக்க எண் கேட்டாள், எழுதிக்கொண்டாள். வேன்யா தன் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தான், அதில் தண்ணீர் இருப்பது போல.

"போதும்" என்றாள் இங்கா. "பதினாறு வருஷம் சேருது. ஐம்பத்தஞ்சிலயே."

வேன்யாவுக்கு உடனே புரியவில்லை. "அப்ப நான் லாரியில ஏற வேணாமா?"

"லாரி பத்தி எனக்குத் தெரியாது. பென்ஷன் உண்டு. இப்ப எல்லாருக்கும் மூணு மாசம் தாமதமாத்தான் வருது, அதுக்கு நான் பொறுப்பில்ல."

"மூணு மாசம் காத்திருக்கேன்மா. ஆறு மாசம் காத்திருக்கேன். கிழங்கு இருக்கு, மீன் இருக்கு" என்று வேன்யா பேசிக்கொண்டே போனான், நிறுத்தத் தெரியாமல்.

கபித்தோலினா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். கறுப்பு மையில் ஒரு பக்கம். தான் பதின்மூன்றாம் விதியை மீறி, 1958 வசந்தம் முதல் முழுப்பெயரை விட்டுவிட்டுச் சுருக்கத்தை மட்டும் எழுதியதாகவும், தவறு தன்னுடையதே, தொழிலாளர்களுடையது அல்ல என்றும் எழுதியிருந்தார்.

"இது எதுக்கும்மா? நான் கேக்கவே இல்லையே."

"தபால்ல பதிவு பண்ணினா புத்தகத்துல அத மட்டும் எழுதலாம்னு எந்த விதியும் சொல்லல. அதனால தப்பு தப்புதான். கோப்புல இருக்கட்டும்."

இங்கா அந்தத் தாளையும் விரல் வைத்துப் படித்தாள். மடித்து உள்ளே வைத்தாள். பிறகு, முதல் தடவையாக, தோளில் இருந்த கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"தபால் பிரதிய நான் பொதுக் கோப்புல வச்சுக்கறேன். உங்க ஊர்லேர்ந்து இனிமே வர்றவங்க யாரும் அலைய வேணாம். எத்தன பேர் இருக்காங்க?"

"இன்னும் பென்ஷன் வயசு ஆகாதவங்க பதினேழு பேர்" என்றார் கபித்தோலினா. பெயர்ப் பட்டியல் கையிலேயே இருந்தது.

திரும்பும் பேருந்தில் வேன்யா தூங்கிவிட்டான். வெர்ஸ்பிளாவ் நிறுத்தத்தில் அவர் எழுப்ப வேண்டியிருந்தது. அன்று மாலை லீதா ஒரு தட்டு நிறையச் சூடான உருளைக்கிழங்கு பரப்பிச் சுட்ட ஷாங்கி ரொட்டிகளோடு வந்தாள். கதவருகே நின்று, "நான் கடையில சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"சரியாத்தான் சொன்ன. மைய மிச்சம் பிடிச்சேன்" என்றார் கபித்தோலினா. "வெண்ணெய் தடவினியா, வெறுமனேயா?"

"தடவினேன்."

"அப்ப உள்ள வா."

ஏப்ரல் முதல் தேதி காலையில் ஆற்றுமேல் பனி இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. மரவெட்டுக் குழுவின் லாரி ஒவ்வொரு வாசலாக நின்று நின்று வந்தது. கபித்தோலினா ஜன்னலருகே நின்றிருந்தார். கோகரின் வீட்டு வாசலில் லாரி நின்றது, ஹாரன் அடித்தது. வேன்யா வெளியே வந்தான், தோளில் மனைவியின் கம்பளிச் சால்வை, காலில் வீட்டுச் செருப்பு, கையில் தேநீர்க் கோப்பை. ஓட்டுநரிடம் ஏதோ சொன்னான். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி ஏதோ கேட்டார். வேன்யா கோப்பையை உயர்த்திக் காட்டினான். லாரி கொஞ்சம் புகைவிட்டு, அவன் இல்லாமலே காட்டுப் பாதையில் திரும்பியது.

வேன்யா செருப்போடு பனியில் நின்றபடி அது மறையும்வரை பார்த்தான். உள்ளிருந்து லீதா கத்துவது இவர் ஜன்னல்வரை கேட்டது: "உள்ள வாய்யா, செருப்போட நிக்கிறான் பாரு! இனிமே உன்ன வீட்லயும் மேய்க்கணுமா நான்?"

பிப்ரவரியிலிருந்து சரியாகத் தூங்காத கபித்தோலினா திரைச்சீலையை இழுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அன்று அவர் எழுந்தபோது மணி பத்து.